ஒரு நாளைக்கு ஒரு சொல்

கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். அதுவரை சூப்பர்வைசரின் மீசையிலிருந்து மாமியாரின் சர்க்கரை வியாதி வரை அலசிக்கொண்டு வந்த பெண்கள் எல்லாரும், பூசையில் மணி அடித்த மாதிரி கப்பென்று வாயை மூடிக்கொண்டு அவரவர் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் கவனம் பிசகினால் விடிகிற வரைக்கும் அனுபவிக்க வேண்டியதுதான்.

இறால் கம்பெனியின் குளிர் ஹாலில் நாள் பூரா ஐஸ் தண்ணீருக்குள் கிடந்த கை, பஸ் ரயில்வே கேட்டைத் தொடுகிற வரைக்கும்தான் சொன்னபடி கேட்கும். அதற்குள் சூடேறிவிடும். சூடேறினால் மூட்டுக்குள் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஊசியால் ஏற்றியிருக்கிற ஜெல் இறுகும். விரலை எந்த வாக்கில் வைத்திருக்கிறோமோ அந்த வாக்கிலேயே நின்றுவிடும். மறுநாள் காலையில் மறுபடி ஐஸில் முக்குகிற வரை, நீ தலைகீழாக நின்றாலும் மடங்காது, நிமிராது.

ஆகவே ராத்திரிக்கு என்ன வேலை கிடக்கிறது என்று யோசித்து, அதற்குத் தோதாகக் கையை வைத்துக்கொள்ள வேண்டும். முத்துப்பேச்சி பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வலது கைக்குள் பிடித்துக்கொள்வாள். கரண்டியை உருவிவிட்டால் அதே ஓட்டையில் துடைப்பமும் நுழையும் என்பது அவள் கண்டுபிடிப்பு. சிந்தாத்திரை ஜெபமாலை பிடிக்கத் தோதாக விரலை வைத்துக்கொள்வாள். புதுசாகக் கல்யாணமான செல்வமலர் மட்டும் எதையும் பிடிக்காமல் விரல்களை லேசாக வளைத்து வைப்பாள். அது எதுக்குட்டி என்று கேட்டுக் கேட்டே மற்றவர்கள் அவளைச் சிவக்க வைத்துவிடுவார்கள். ஒருத்தி ஒரு நாள் அசதியில் தூங்கிப்போய், ரெண்டு கையும் முஷ்டியாக இறுகிவிட்டது. புருஷன்காரன் சோறு ஊட்டிவிட்டானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து, அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேர் வேண்டுமென்றே தூங்கினார்கள். ஊட்டத்தான் ஆள் வரவில்லை.

ஜெனோவா கரண்டியும் பிடிப்பதில்லை, ஜெபமாலையும் பிடிப்பதில்லை. அவள் வலது கையில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

அவள் மகள் அமலிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு சைகை பாஷை சொல்லிக் கொடுத்தார்கள், அது வேறு. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஓடியது வீட்டிலேயே விளைந்த பாஷை. மூக்கைத் திருகினால் பக்கத்து வீட்டு ரோணிக்கம். கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினால் கஸ்பார், அதாவது அப்பா. அவன் கொச்சிப் பக்கம் போட்டில் போகிறவன், வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து தலையைக் காட்டுவான். சாப்பாடு, வா, போ என்ற மூன்று சைகையோடு அவன் படிப்பு முடிந்துவிட்டது. நெத்திலிக்கு ஒரு நெளிப்பு, சாளைக்கு ஒரு நெளிப்பு, கடன்காரன் வருகிறான் என்பதற்கு ஒரு கண் ஜாடை. வானத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினால் கடவுள். அமலி ஆறு வயசில் உண்டாக்கிய சொல் அது. சாமியாருக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று ஜெனோவா அவள் வாயிலேயே ஒன்று போட்டாள், பிறகு தானும் அதையேதான் சொன்னாள்.

இப்போது ஜெனோவாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொல். ஒரு நாள் 'மழை'. ஒரு நாள் 'கிறுக்கி'. ஒரு நாள் 'தலைவலி'. ரெண்டு கையிலும் ரெண்டு சொல் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கையாவது குடம் தூக்க வேண்டாமா? சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அமலி காத்து நிற்பாள். பத்தொன்பது வயசுப் பெண், அம்மா இறங்கியதும் முகத்தைப் பார்க்காமல் முதலில் கையைத்தான் பார்ப்பாள். சொல்லைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். பிறகு அவள் பேச ஆரம்பிப்பாள், வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வருவாள். தான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒரே நாளில் மாறிப்போன கதை, முதலாளி முழித்த முழி, எல்லாம் வரும். ஜெனோவா தலையை ஆட்டுவாள். பதில் நெஞ்சுக்குள் கிடந்து முட்டும். கை மரக்கட்டையாய்த் தொங்கும்.

போன் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் செய்து பார்த்தார்கள். ஜெனோவா வாயால் சொன்னால் போன் அதை எழுத்தாக்கி அமலிக்குக் காட்டும். ஆனால் அந்தச் சனியன் வைவதையும் கொஞ்சுவதையும் ஒரே மாதிரி எழுதியது. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த தபால் மாதிரி இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று அமலி சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பேசினில் ஐஸை நிரப்பிக் கையை முக்கி எடுத்தால் கொஞ்ச நேரம் பேசலாம். அதற்கு மேல் வீட்டு ஐஸில் இளக்கினால் ஜெல் பக்கவாட்டில் கசிந்து, மணிக்கட்டு இட்லி மாதிரி வீங்கிவிடும். வாரத்தில் மிச்ச நாளெல்லாம் தாயும் மகளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத்தான் இருந்தார்கள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், ஜெனோவா அந்த ஊசியைப் போட்டுக்கொண்டதே மகளோடு பேசத்தான்.

பத்து வருஷம் ஐஸில் இறால் உரித்தவள் கை எப்படி இருக்கும்? விரல் முட்டியெல்லாம் சுண்டைக்காய் மாதிரி வீங்கி, ஒரு சொல் சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்போதுதான் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கோமதிநாயகம் வந்தார். நல்ல மனுஷர்தான். எதிரே இருப்பவருக்குப் புரிகிற வரைக்கும் விடமாட்டார்.

"கடல்பாசி காய்ச்சியிருக்கீங்கள்லா?" என்று கேட்டார். "சூட்டுல தண்ணியா இருக்கும், ஆறுனா கட்டியாயிரும். இந்த ஜெல் அதுக்கு நேர் தலைகீழ். குளிர்ந்து கெடந்தா தண்ணி, ஒடம்புச் சூடு பட்டா கட்டி. ஊசியில தண்ணியாப் போவும். உள்ள போய் மூட்டு எந்த வடிவமோ அந்த வடிவத்துல மெத்தையா உக்காந்துக்கும். அதுக்குள்ள ஒங்க ஒடம்புல எடுத்த செல்லையே வெதைச்சு வச்சிருக்கோம். மூணு மாசம் கையை கதகதப்பா வச்சிருந்தா புதுக் குருத்தெலும்பு மொளைச்சிரும். ஜெல் தானாக் கரைஞ்சு போயிரும்."

மூணு மாசம் கதகதப்பாக. அங்கேதான் காரியம் கெட்டது. லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், சம்பளம் கிடையாது என்றது கம்பெனி. சரி, யார் எடுப்பார்கள்? அதோடு ஊசி போட்ட மூன்றாம் நாள், சும்மா பார்ப்போமே என்று ஒருத்தி கையை ஐஸில் விட்டாள். ஜெல் தண்ணீராகி மூட்டுக்கு எண்ணெய் போட்ட மாதிரி ஆகிவிட்டது. வலியே இல்லை. விரல் பறந்தது. இறால்கள் தாமாகவே சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து விழுந்தன. அதைப் பார்த்த மற்றவர்களும் அன்றைக்கே ஹாலுக்குத் திரும்பிவிட்டார்கள். ஜெனோவாவும் ஓடினாள். எத்தனையோ வருஷம் கழித்து வலியில்லாத விரல். யாருக்குத்தான் ஆசை வராது.

குளிரில் செல் முளைக்கவில்லை, செத்துப்போனது. ஜெல் மட்டும் தங்கியது. அது தேயத் தேய வருஷத்துக்கு ஒரு ஊசி மேலே மேலே போட்டார்கள், ஒவ்வொன்றும் முந்தினதை விடக் கெட்டி. முதல் வருஷம் வீட்டில் விரல் கொஞ்சம் மதமதப்பாக இருந்தது. பிறகு விறைப்பு. பிறகு கட்டை. கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஹாலுக்குள் அவர்கள் கை தங்கக் கை. வேலையை விட்டு நின்றவளும் உண்டு. நின்ற அன்று எப்படி இறுகியதோ அப்படியே அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் விலங்கு போட்டால் சாவி எங்கே என்று கேட்கலாம். இது கையே விலங்கு.

இப்படிக் கிடந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமலி ஒரு செய்தியோடு வந்தாள். தனியாகவே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போய், போனில் எழுதிக் காட்டி, கோமதிநாயகத்தைக் குடைந்திருக்கிறாள். வழி இருக்கிறதாம். பழைய ஜெல்லைக் கழுவி எடுத்துவிட்டு, புது மாதிரி ஜெல்லில் இளசான செல்லை வைத்து ஏற்றலாமாம். ரத்த சொந்தத்தின் செல் என்றால் நன்றாகப் பிடிக்குமாம். இறால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் பெண்களின் கை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டதால், அவர்களுக்குக் காட்டக் குணமான கை ஒன்று கம்பெனிக்கும் தேவைப்படுகிறதாம். அதனால் எல்லாம் இலவசம்.

ஜெனோவா ஐஸிலிருந்து கையை எடுத்து, யார் செல் என்று கேட்டாள்.

"என்னுதுதான்," என்றது அமலியின் கை. "காதுலேருந்து ஒரு துண்டு குருத்தெலும்பு எடுப்பாவளாம். சும்மாதான கெடக்கு அந்தக் காது. ஒரு வேலையாவது செய்யட்டும்."

ஜெனோவாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கம்பெனிக்கு வேறென்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். சும்மா கொடுக்கிற கம்பெனியை அவள் இத்தனை வயசுக்குள் கண்டதில்லை. ஒன்றும் இல்லை என்றாள் அமலி. மறுபடி கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள். மூன்றாம் தடவை கேட்பதற்குள் விரல் இறுகிவிட்டது. அமலி எழுந்து போய் உலை வைத்தாள்.

காதிலிருந்து துண்டு எடுத்தார்கள். அது ஆஸ்பத்திரியில் எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்தது. அந்த வாரங்களில் ஜெனோவா நல்ல தூக்கம் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. அமலி ஒரு பக்கக் காதை முடியால் மூடிக்கொண்டு, மூணு மாசம் கழித்து அம்மா என்னென்ன பேச வேண்டும் என்று தினமும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் இனிமேல் தலையை ஆட்டித் தப்பிக்க முடியாது என்றாள்.

ஊசி போடுகிற அன்று காலையில் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். பழைய ஜெல்லைக் கழுவி எடுத்தபோது ஜெனோவாவுக்கு உயிர் போய் வந்தது. புதுசை ஏற்றி முடித்து, ரெண்டு கைக்கும் சூடு காட்டுகிற தடிமனான உறையை மாட்டி, டாக்டர் அருகில் உட்கார்ந்தார்.

"ஜெனோவாம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. இது பழைய ஜெல் மாதிரி இல்ல. மூணு மாசம் குளிரே படக் கூடாது. அதுலயும் இன்னைக்கு ஒரு நாள்தான் கண்டம். இன்னைக்கு ஐஸ் பட்டா ஒரே ஒரு தடவை எளகும். உள்ள இருக்க செல் அத்தனையும் செத்துரும். அப்புறம் மறுபடி இறுகுச்சுன்னா, பனிமலையைக் கொண்டாந்து வச்சாலும் எளகாது."

சரி சார் என்றாள். அமலி வெளியே இருப்பாள், வரச் சொல்லுங்கள் என்றாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வருவாள், நீங்கள் கொஞ்சம் படுங்கள் என்றார். கண்ணாடி துடைத்தது போதாதென்று மறுபடி துடைத்தார்.

டீ நேரத்தில் முத்துப்பேச்சி வந்து எட்டிப் பார்த்தாள். நலம் விசாரிக்கத்தான் வந்தாள். கை எப்படி இருக்கிறது, சோறு தின்றாயா என்று கேட்டுவிட்டு, போகிறபோக்கில் சொன்னாள்.

"ஒம் மவளுக்குத் தொப்பியும் ரப்பர் கம்பூட்சும் கொடுத்திருக்காவளே எக்கா. ஒன் இடத்துக்கு அவளாமே. புதுசா வந்த புள்ளைகளோட ஊசி ரூம்ல நிக்கா."

ஜெனோவா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்திலேயே இருந்த டாக்டரைப் பார்த்தாள். அவர் மறைக்கவில்லை, பாவம், மறைக்கத் தெரிந்த மனுஷரும் இல்லை. ஒரு கை குணமாகிப் போனால் ஹாலில் ஒரு கை குறையும். அதற்குப் பதில் கை கொடுத்தால்தான் கம்பெனி சம்மதிக்கும். ஐந்து வருஷ ஒப்பந்தம். இப்போது புதுசாகச் சேருகிறவர்களுக்குச் சேருகிற அன்றே ஊசி. அப்போதுதான் முதல் நாளிலிருந்தே விரல் பறக்கும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு அந்தப் புள்ளதாம்மா சொல்லிச்சு. மேஜர் பொண்ணு. அது இஷ்டப்பட்டு ஒத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

"நீங்க டாக்டரா, புரோக்கரா?" என்றாள் ஜெனோவா.

எழுந்துவிட்டாள். உறை மாட்டிய கையால் கதவைத் திறக்க முடியவில்லை, முத்துப்பேச்சி திறந்துவிட்டாள். ஊசி ரூம் நடையின் கடைசியில் இருந்தது. புதுப் பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். அமலி மூன்றாவது ஆள். மேஜைமேல் ஒரு பெரிய தொட்டி நிறைய ஐஸ் நொறுக்கு, அதற்குள் ஊசிகள் குத்தி வைத்திருந்தன. குளிரில் வைக்காவிட்டால் ஊசிக்குள்ளேயே ஜெல் கட்டிவிடும்.

ஏட்டி அமலி என்று ஜெனோவா கத்தினாள். கத்தி என்ன புண்ணியம்? பத்தொன்பது வருஷமாகப் பழகியவள் அவசரத்தில் அதை மறந்துவிட்டாள். அமலி தவிர எல்லாரும் திரும்பினார்கள். முத்துப்பேச்சிதான் போய்த் தோளைத் தொட்டாள்.

அமலி திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். அசரவில்லை. சிரித்தாள்.

"மூணு மாசம் கழிச்சு நீ நாள் பூரா பேசு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். நான் ஒரு நாளைக்கு ஒண்ணு சொன்னாப் போதும். நீ இருந்தீல்லா, நான் இருக்க மாட்டனா?"

ஜெனோவா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அமலி இன்னும் ஒரு தடவை சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது கேட்கிறவர்கள் சண்டையில் கதவைச் சாத்துவார்கள். அமலி முகத்தைத் திருப்பினால் அதுதான் கதவு. வரிசை நகர்ந்து ரெண்டாவது பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். நர்ஸ் ஐஸிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள்.

தாயார் சொன்னாலும் மேஜர் பெண்ணைத் தடுக்க முடியாது. கையைப் பிடித்து இழுக்கலாமென்றால் கை இல்லை. அமலி அங்கே நிற்பது எதற்காக? இந்த ரெண்டு கைக்காக. இது இல்லையென்று ஆகிவிட்டால் அவள் நிற்க முகாந்திரம் இல்லை. ஜெனோவாவுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. உறையைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"பேச்சி, இதக் கழத்து."

"எக்கா, டாக்டர் என்ன சொன்னாவ—"

"கழத்துட்டி."

முத்துப்பேச்சி கழற்றினாள். பின்னாலேயே ஓடி வந்த கோமதிநாயகம் வாசலில் நின்று, "வேண்டாம்மா, அது அந்தப் புள்ளையோட காது," என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஜெனோவா கொஞ்சம் தயங்கினாள். தயங்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் ஐஸ் தொட்டிக்குள் விட்டாள்.

ஊசிகள் சிதறின. நர்ஸ் அலறினாள். அந்தத் தள்ளுமுள்ளில் அமலி திரும்பிப் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை ஜெனோவா அவளுடைய சின்ன வயசில் கேட்டது. இழுக்க இழுக்க ஜெனோவா அசையவில்லை. உள்ளே விரல் ஒவ்வொன்றாக இளகுவது தெரிந்தது. போகிறது, எல்லாம் போகிறது என்று நினைத்துக்கொண்டே நின்றாள். எல்லா விரலும் விட்டதும் தானாகக் கையை எடுத்தாள்.

பிறகு பேசினாள். எத்தனையோ நாளாக மூட்டை கட்டி வைத்திருந்த பேச்சு. கையிலிருந்து ஐஸ் தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது.

"எனக்குக் கை போனா வாய் இருக்கு. ரோணிக்கத்துகூடப் பேசுவேன், கடைக்காரன்கிட்ட கேப்பேன், ஆத்திரம் வந்தா ஒங்கப்பனை வைவேன். ஒனக்குக் கையைத் தவிர என்னட்டி இருக்கு? நீ கட்டிக்கிடப் போறவன்கிட்ட ஒரு நாளைக்கு ஒரு சொல்லு சொல்லுவியா? ஒனக்கு ஒரு புள்ள பொறந்தா அதுகிட்ட? நான் ஒருத்திகிட்டதான் ஊமை. நீ ஊருக்கே ஊமையாகணுமா?"

அமலியின் கை பதில் சொல்ல எழுந்தது, பாதியில் நின்றது. வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் அதில் ஒருத்தி மடித்துவிட்ட சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டாள்.

மேனேஜர் வந்து குதித்தார். ஒப்பந்தம் இருக்கிறது, அந்தப் பெண் எங்கேயும் போக முடியாது என்றார். அப்போது கோமதிநாயகம் வாழ்நாளில் ஒரு நல்ல காரியம் செய்தார். சிகிச்சை நடந்தால்தானே ஒப்பந்தம், சிகிச்சை நடக்கவில்லை, நானே எழுதித் தருகிறேன் என்றார். சொன்ன கையோடு பேனாவையும் எடுத்தார்.

தொப்பியையும் கம்பூட்சையும் கழற்றிப் போட்டுவிட்டு அமலி வெளியே நடந்தாள். ஜெனோவா பின்னால் போனாள். கேட்டில் முத்துப்பேச்சி ஓடி வந்து மூச்சு வாங்க நின்றாள். தன் பையிலிருந்த கரண்டியை நீட்டினாள்.

"இனி மாத்த முடியாதுலா எக்கா. சூடேறதுக்குள்ள இதப் புடிச்சுக்கோ. நாளைக்கு ஒரு கஞ்சியாவது கிண்டலாம்."

ஜெனோவா கரண்டியை இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது கைக்கும் ஏதாவது பிடி என்று முத்துப்பேச்சி கெஞ்சினாள். சீப்பு இருக்கிறது, சீப்பையாவது பிடி என்றாள். ஜெனோவா வேண்டாம் என்றுவிட்டாள்.

வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் அமலி ஓரத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டாள். அம்மா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. காதை அறுத்துக் கொடுத்தவள் அவள். அதை ஐஸில் போட்டுக் கொன்றுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் தாய்க்காரி. கோபம் வராமல் என்ன செய்யும்.

ஜெனோவாவுக்குக் கை சூடாகிக்கொண்டே வந்தது. என்ன சொல்லை வைப்பது? இனி ஒன்றே ஒன்றுதான், சாகிற வரைக்கும் அதுதான். மன்னிச்சுக்கோ என்று வைக்கலாம். தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வெறுத்துப்போகாதா? தங்கம், செல்லம் என்றெல்லாம் வைக்கலாம். கோபத்தில் இருக்கிறவளிடம் அதைக் காட்டினால் இன்னும் எரியும். கட்டைவிரல் முதலில் விறைத்தது. அவசர அவசரமாக உள்ளங்கையை மல்லாத்தி, நாலு விரலையும் தன் பக்கமாக லேசாக மடக்கி வைத்துக்கொண்டாள். ஆட்டோ ஊருக்குள் நுழைவதற்குள் இறுகிவிட்டது. அழுத்திப் பார்த்தாள். கல்.

வீட்டுக்கு வந்தும் அமலி திரும்பவில்லை. சோறு வடித்தாள், குழம்பைச் சூடாக்கினாள், முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாம் செய்தாள். தட்டைக் கொண்டுவந்து அம்மாவுக்கு எதிரே வைத்தாள், கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு. ஜெனோவா கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அவசரம் என்ன, அந்தச் சொல் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை.

சோற்றைப் பிசைந்து ஊட்டுவதற்கு எதிரே உட்கார்ந்தபோது அமலி பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். சோற்று உருண்டை தட்டிலேயே விழுந்தது.

கை 'சொல்லு' என்றது.

அமலி எச்சில் கையைத் துடைக்கக்கூட நிற்காமல் ரெண்டு கையாலும் ஆரம்பித்தாள். நீ ஒரு தாயா, ஒனக்கு மூளை இருக்கா, என் காது என்ன கருவாடா, யாரைக் கேட்டு அதை ஐஸ்ல போட்டே என்று ஆரம்பித்து, பிறந்ததிலிருந்து கஸ்பார் வரை ஒன்று விடாமல் இழுத்து, பருக்கை தெறிக்கத் தெறிக்கத் திட்டினாள். நடுவில் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். எத்தனையோ நாளாகப் பதில் சொல்ல முடியவில்லையே என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த ஜெனோவா, அன்றைக்குத்தான் மகளின் கையை முழுசாகப் பார்த்தாள். சோறு ஆறிப்போனது. அமலி நிறுத்துவதாக இல்லை. ஜெனோவா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.